ஐஆர் சார்ட்டில் ரெசல்யூஷனையும் அச்சடியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் பேப்பரில், நம்ம சேலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்குப் பல லட்சம் ரூபாயில் எஃப்டிஐஆர் கருவி, அதாவது அகச்சிவப்பு நிறமாலைமானி, வந்திருப்பதாகப் படத்தோடு செய்தி போட்டிருந்தீர்கள். கருவிக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சுற்றிலும் பேராசிரியர்களும் மாணவிகளும் நின்றிருந்த அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷம் இந்தக் கருவியோடு புழங்கிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். நம்ம ஊர்ப் பிள்ளைகள் கையில் இது வந்து சேர்ந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். (கற்பூரம் மட்டும் அந்த அறைக்குள் ஏற்ற வேண்டாம், அந்த ஆவி உள்ளே போனால் சார்ட்டில் அதுவும் சேர்ந்து விழும்.) சந்தோஷத்தோடு ஒரு கவலையும் இருக்கிறது. இந்தக் கருவி தருகிற ஐஆர் (அகச்சிவப்பு) சார்ட்டில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு பீக்கைப் பிரித்துக் காட்டுகிற திறனான ரெசல்யூஷன் எவ்வளவு என்று பல இடங்களில் அச்சடிப்பதே இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நாலு மாசத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், ப்ராஜெக்டுக்கு வெள்ளைக்கல்லை எடுத்திருந்தாள். கருப்பூர் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள், கரும்பச்சைப் பாறைக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக நரம்பு ஓடியிருக்குமே, அதுதான். வெள்ளைக்காரர்கள் அந்தக் கரட்டுக்குச் சாக் ஹில்ஸ் என்று பேர் வைத்தார்கள், அங்கே இருக்கிற ரயில்வே ஸ்டேஷனுக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பேர். மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட்டான இந்தக் கல்லைச் சுட்டுத்தான் எஃகு உலைக்கு உள்பூச்சுச் செங்கல் செய்கிறார்கள். அதில் சுண்ணாம்புச் சத்து கூடிப் போனால் செங்கலின் தரம் போய்விடும், அதனால் கல்லில் கால்சியம் எவ்வளவு, எந்த உருவத்தில் இருக்கிறது என்பது பெரிய கேள்வி.

அந்தப் பெண் கல்லை அரைத்து, பணம் கட்டி, வெளியூரில் ஒரு பரிசோதனை மையத்துக்கு அனுப்பி ஐஆர் சார்ட் வாங்கியிருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, சுத்தமான மேக்னசைட்டுன்னு எழுதிட்டேன், எங்க கைடு ஒத்துக்க மாட்டேங்கிறாரு. ஈடிடிஏ டைட்ரேஷன்ல கால்சியம் வருது, ஐஆர்ல ஏன் வரலன்னு கேக்கிறாரு" என்றாள். ஈடிடிஏ டைட்ரேஷன் என்பது கரைசலில் கால்சியத்தை அளக்கிற ரசாயன முறை. கைடு கேட்டது சரியான கேள்வி. ஐஆரில் மேக்னசைட், டாலமைட் (கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த கார்பனேட்), கால்சைட் மூன்றையும் பிரித்துச் சொல்ல நல்ல இடம் ஒன்று உண்டு. மேக்னசைட் என்றால் 748-க்குப் பக்கத்தில் ஒரு பீக் (கல் ஒளியை உறிஞ்சுகிற இடம், சார்ட்டில் பள்ளமாக விழும்), டாலமைட் என்றால் 729, சாதாரண சுண்ணாம்புக்கல்லான கால்சைட் என்றால் 713. இந்த எண்களெல்லாம் அலை எண், ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை அலை அடங்குகிறது என்கிற கணக்கு. அவள் சார்ட்டில் அந்த இடத்தில் 760-இலிருந்து 710 வரை ஒரே ஒரு அகலமான பள்ளம், அடி மட்டும் 745-ஐ ஒட்டி. வலது பக்கம் கொஞ்சம் சரிந்திருந்த மாதிரி எனக்குப் பட்டது, ஆனால் பட்டதை வைத்து எதுவும் சொல்ல முடியாதே.

எந்த ரெசல்யூஷனில் எடுத்தது என்று சார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாதிரியின் பேர் இருந்தது, தேதி இருந்தது, மையத்தின் முத்திரைகூட இருந்தது, ரெசல்யூஷன் இல்லை, எத்தனை ஸ்கேன், அதாவது எத்தனை தடவை அளந்து சராசரி எடுத்தது என்பதும் இல்லை. நல்லவேளை, அந்தப் பெண்ணிடம் கம்ப்யூட்டர் கோப்பும் இருந்தது. திறந்து எண்களைப் பார்த்தால் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே ஏறக்குறைய 8 அலை எண் இடைவெளி. ரெசல்யூஷன் எண் புள்ளி இடைவெளியைப் போல இரண்டு மடங்காவது இருக்கும், எண் பெரிதானால் நுணுக்கம் குறைவு. புள்ளிக்குப் புள்ளி 8 என்றால் ரெசல்யூஷன் 16-ஐ விட நன்றாக இருக்க வழியே இல்லை. 748-க்கும் 729-க்கும் நடுவே இருப்பதே 19. இரண்டாவது பீக் சின்னதாக வேறு இருந்தால் அது பெரியதற்குள் கரைந்து போகாமல் என்ன செய்யும்? அந்தப் பிள்ளை மையத்துக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, "எல்லா சாம்பிளுக்கும் அதே செட்டிங்தாங்க வெச்சிருக்கோம், சீக்கிரம் முடியும்" என்று பதில் வந்ததாம்.

அப்புறம் தெரிந்த இடம் ஒன்றில் கேட்டுக்கொண்டு, கல்லை நானே எதிரில் நின்று அரைக்க வைத்தேன். அகேட் கல்வத்தில் ஒரு மில்லிகிராம் அளவு கல், இருநூறு மில்லிகிராம் பொட்டாசியம் புரோமைடு, கல் துகள் கண்ணுக்குத் தெரியாத வரைக்கும் அரைத்து, அழுத்தியில் வைத்துக் கண்ணாடி மாதிரி வில்லையாக எடுத்தோம். ரெசல்யூஷன் 4, ஸ்கேன் 32. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. திரையில் 748-இல் ஆழமான பீக், அதை ஒட்டி 729-இல் தனியாக ஒரு சின்னக் குழி. கால்சியம் டாலமைட் உருவத்தில் அங்கேதான் இருந்திருக்கிறது. "இத்தன நாளு ஒளிஞ்சிட்டு இருந்திருக்கு மாமா" என்று அவள் திரையைத் தொட்டுக் காட்டினாள். அதுவரை அவள் எழுதி வைத்திருந்த ஒரு அத்தியாயத்தையே திருத்த வேண்டி வந்தது.

ரெசல்யூஷன் என்பதைத் தமிழில் பிரிதிறன் என்று எழுதுகிறார்கள், பேர் எதுவானாலும் விஷயம் இதுதான், பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு பீக்கை இரண்டு என்று கருவியால் பார்க்க முடிகிறதா இல்லையா. எண் சின்னதாக ஆக ஆக நுணுக்கம் கூடும், முதலில் படிக்கிறவர்கள் இதிலேயே குழம்புவார்கள். இப்போதைய கருவிகளில் இதை மாற்றுவது மென்பொருளில் 16, 8, 4, 2, 1 என்று இருக்கிற பட்டியலில் ஒரு எண்ணைத் தொடுவதோடு முடிந்துவிடுகிறது. அதனாலேயே உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. கருவிக்குள் ஒளியை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை அசையாத கண்ணாடிக்கும் இன்னொரு பாதியை நகர்கிற கண்ணாடிக்கும் அனுப்பி, திரும்பி வருகிற இரண்டையும் ஒன்று சேர்க்கிறார்கள். நகர்கிற கண்ணாடி எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கலாம். இரண்டு கடிகாரத்தில் ஒன்று நாளுக்கு ஒரு நிமிஷம் வேகமாக ஓடுகிறது என்று வையுங்கள், அஞ்சு நிமிஷம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியுமா? ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே மாதிரி, அலை எண் ரொம்ப நெருக்கமாக இருக்கிற இரண்டு ஒளியும் விலகித் தெரிய வேண்டுமானால் அவை நீண்ட தூரம் ஓட வேண்டும். ரெசல்யூஷன் 4 வேண்டுமென்றால் இரண்டு பாதைக்கும் நடுவே கால் சென்டிமீட்டர் வித்தியாசம் வர வேண்டும், ஒளி போய்த் திரும்புவதால் கண்ணாடி அதில் பாதி, ஒன்றேகால் மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். 16-க்கு அரை மில்லிமீட்டர்கூட வேண்டாம். 1 வேண்டுமென்றால் அஞ்சு மில்லிமீட்டர் போக வேண்டும். இந்த நகர்வை ஒரு சிவப்பு லேசர் ஒளியின் அலையை வைத்தே கருவி அளந்துகொள்கிறது, எனக்கு இன்றைக்கும் அது வியப்புதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த 1990-களின் தொடக்கத்தில் எங்களிடம் இந்த வசதியெல்லாம் கிடையாது. எங்கள் ஆய்வகத்தில் இருந்தது பழைய வகை, கிரேட்டிங் (ஒளியை அலை எண் வாரியாகப் பிரிக்கிற வரித்தட்டு) சுழலச் சுழல பேனா காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டே போகும். அதில் ரெசல்யூஷன் என்றால் ஒளி புகுந்து வெளிவருகிற பிளவின் அகலம். பிளவைக் குறுக்கினால் பக்கத்துப் பக்கத்துப் பீக் பிரியும், ஆனால் உள்ளே வருகிற பிளவு, வெளியே போகிற பிளவு இரண்டும் சேர்ந்து குறுகுவதால் அகலம் பாதியானால் ஒளி கால்வாசியாகிவிடும். ஒளி குறைந்ததும் பேனா நடுங்க ஆரம்பிக்கும். அதைச் சமாளிக்க வேகத்தைக் குறைக்க வேண்டும். சேர்ந்த புதிதில் நான் பிளவை மட்டும் குறுக்கிவிட்டு வேகத்தை அப்படியே விட்டேன், பேனாவால் பீக்கின் அடி வரைக்கும் போய்த் திரும்ப முடியாமல் பாதியிலேயே திரும்பிவிட்டது, பீக்கின் இடமும் தள்ளிப்போனது. எங்கள் லேப் இன்சார்ஜ் அந்தச் சார்ட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, பிளவக் குறுக்குனா வேகத்தையும் குறைக்கணும், வேகத்தக் குறைச்சா சாப்பாட்டு நேரத்தையும் தள்ளி வைக்கணும்" என்றார். திட்டவில்லை. மதியம் இரண்டரை மணி வரைக்கும் கூடவே உட்கார்ந்து, அதே மாதிரியை நாலு பிளவு அகலத்தில் ஓட்ட வைத்தார். அந்த நாலு காகிதத்தையும் நான் ரொம்ப வருஷம் வைத்திருந்தேன்.

இப்போது பேனா நடுங்குவது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம், விலை அதேதான். 4-இலிருந்து 2-க்குப் போனால் ஒவ்வொரு ஸ்கேனும் இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், அப்படியும் கோட்டில் இரைச்சல், அதாவது நடுக்கம், ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடிவிடும், பழைய சுத்தம் வேண்டுமென்றால் ஸ்கேன் எண்ணிக்கையையும் இரட்டிக்க வேண்டும், ஆக மொத்தம் நாலு மடங்கு நேரம். பல கருவிகளில் ரெசல்யூஷனைக் கூட்டினால் ஒளி வருகிற துளையையும் அதுவே சின்னதாக்கிக்கொள்ளும், அப்போது இன்னும் மோசம். ரெசல்யூஷனை மாற்றினால் பேக்ரவுண்டையும் (மாதிரி வைக்காமல் எடுக்கிற அளவீடு) அதே ரெசல்யூஷனில் புதிதாக எடுக்க வேண்டும், இதை மறக்கிறவர்கள் ரொம்பப் பேர்.

அதனால் எப்போதும் கடைசி எண்ணில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதுவும் தப்புதான். ஒரு ஜவ்வரிசி ஆலைக்காரர் கிழங்கு மாவில் மக்காச்சோள மாவு கலந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி வந்தார். "இருக்கிறதுலயே ஒசந்த ரெசல்யூஷன்ல போடுங்க சார், எவ்வளவு ஆனாலும் குடுத்திடறேன்" என்றார். ஒரு ரூபாய்கூட வீணாக்காதீர்கள் என்று திருப்பி அனுப்பினேன். இரண்டு மாவும் ஒரே குளுக்கோஸ் சங்கிலிதான், 1047, 1022, 995 என்று வருகிற பீக் எல்லாம் இயற்கையிலேயே அகலமானவை, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடப்பவை. பீக்கே அகலமாக இருக்கும்போது கருவி எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தாலும் அது ஒல்லியாகாது. அவருடைய ஆலையிலேயே சல்லடை இருக்கிறது, குருணை எல்லாம் ஒரே அளவில் இருந்தால் சல்லடைக் கண்ணைச் சின்னதாக்கி என்ன பிரிக்கப் போகிறோம்? மாவாக இருக்கும்போதே மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள், மரவள்ளி மாவின் மணி உருண்டையாக ஒரு பக்கம் வெட்டின மாதிரி இருக்கும், சோள மாவின் மணி மூலை மூலையாக இருக்கும் என்று சொல்லிக் கொடுத்தேன். திடப்பொருள், திரவம் இரண்டுக்கும் பெரும்பாலும் 4 போதும், சிலவற்றுக்கு 8-கூடப் போதும். வாயு என்றால்தான் 1, 0.5 என்று போக வேண்டிய தேவை வரும். கார்பன் மோனாக்சைடை எடுத்துக்கொண்டால் 2143-ஐச் சுற்றி சீப்புப் பல் மாதிரி கோடுகள், பல்லுக்குப் பல் 4-க்கும் குறைவான இடைவெளி, 8-இல் எடுத்தால் இரண்டு அகலமான பள்ளம் மட்டும் தெரியும்.

ரெசல்யூஷனைக் கூட்டினால் கூடவே வருகிற இன்னொரு தொல்லை ஈரம். காற்றில் இருக்கிற நீராவிக்கு 1300-க்கும் 1900-க்கும் நடுவில் ஒல்லி ஒல்லியாக ஏகப்பட்ட கோடுகள் உண்டு. 8-இல் அவை அமுங்கிக் கிடக்கும், 1-இல் ஊசி ஊசியாக எழுந்து நின்று மாதிரியின் பீக்கையே மறைக்கும். சேலத்தில் சித்திரை வெயிலில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள், ஐப்பசி மழையில் தெரியும். ஏற்காட்டில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தபோது, அழுத்தியிலிருந்து எடுத்த வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசிவிட்டேன், ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது, பேசி முடிப்பதற்குள் கண்ணாடி மாதிரி இருந்த வில்லை மோர் மாதிரி வெளுத்துப் போனது. பொட்டாசியம் புரோமைடு அப்படி ஈரத்தை இழுக்கும். எஃப்டிஐஆர் கருவிக்குள் ஒளியைப் பிரிக்கிற பாகமும் பெரும்பாலும் அதே உப்புதான். வில்லை போனால் இன்னொன்று போடலாம், அது வெளுத்தால் கருவிக்கே செலவு. தயவுசெய்து ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆளைப் பொறுப்பாகப் போடுங்கள், லீவு நாளிலும்.

சரி, நான் கேட்பதற்கு வருகிறேன். நம்ம மாவட்டத்தில் ஐஆர் எடுத்துக் கொடுக்கிற ஒவ்வொரு ஆய்வகமும், கல்லூரியானாலும் தனியாரானாலும், சார்ட்டின் மூலையில் ரெசல்யூஷனையும் ஸ்கேன் எண்ணிக்கையையும் அச்சடித்துக் கொடுக்க வேண்டும், முடிந்தால் எந்த அப்போடைசேஷன் (சார்ட்டைக் கணக்கிடும்போது மென்பொருள் செய்கிற ஒரு திருத்தம்), ஜீரோ ஃபில்லிங் போட்டதா இல்லையா என்பதையும். ஜீரோ ஃபில்லிங் புள்ளிகளை நெருக்கமாகப் போட்டுக் கோட்டை வழவழப்பாக்கும், இல்லாத நுணுக்கத்தைக் கொண்டுவராது, ஆகையால் கோடு அழகாக இருப்பதை வைத்து யாரும் ஏமாறக்கூடாது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வாங்கப் போகிறவர் மூட்டை எடை போடுகிற தராசில் கொலுசை நிறுத்துத் தந்தால் வாங்கிக்கொண்டு வருவாரா? எந்தத் தராசு என்று கேட்பார். பணம் கட்டிச் சார்ட் வாங்குகிற மாணவருக்கும் அதே உரிமை உண்டு. கருவியே இந்த விவரத்தை எல்லாம் கோப்பில் எழுதி வைத்திருக்கிறது, அச்சடிக்கும்போது ஒரு கட்டத்தில் டிக் போட்டால் போதும், ஒரு பைசா செலவு கிடையாது. ஆராய்ச்சிக் கட்டுரையைத் திருத்துகிற கைடுகளும் இந்த எண் இல்லாத சார்ட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். வேறு வேறு ரெசல்யூஷனில் எடுத்த இரண்டு சார்ட்டின் பீக் உயரத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு எழுதுவதை நானே பார்த்திருக்கிறேன். ரெசல்யூஷன் மோசமானால் ஒல்லியான பீக் குட்டையாகி அகலமாகிவிடும், அதைப் பொருளின் அளவு குறைந்துவிட்டது என்று எழுதினால் எப்படி?

இன்னொன்று, இது அந்தப் புதுக் கருவி வந்த கல்லூரிக்கு. பிள்ளைகளைக் கருவியைத் தொட விடுங்கள். பல இடங்களில் ஒரே ஒருவர் பட்டனை அழுத்துவார், மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். முதல் வகுப்புக்கு ரசாயனம்கூட வேண்டாம், மாதிரி வைக்கிற இடத்தைக் காலியாக விட்டு அறைக் காற்றையே 16, 8, 4, 2, 1 என்று அஞ்சு தடவை எடுக்கச் சொல்லுங்கள். 2349-இல் நம்ம மூச்சில் வருகிற கார்பன் டை ஆக்சைடு இரண்டு பள்ளமாகத் தெரியும், நீராவி இருக்கிற பக்கம் மொழுக்கென்று இருந்தது போகப் போக முள்ளாக மாறும், கருவியில் 0.5 இருந்தால் அந்த இரண்டு பள்ளமும் தனித்தனிக் கோடாக உடைவதையும் பார்க்கலாம். அப்புறம் கருவியோடு வருகிற பாலிஸ்டைரீன் ஃபிலிமைப் போடுங்கள். 1601-க்குப் பக்கத்தில் 1583 தனியாக நிற்கிறதா, 2870-இன் மேட்டுக்கும் 2850-இன் பள்ளத்துக்கும் நடுவே எவ்வளவு ஆழம் என்று அளக்கச் சொல்லுங்கள். மருந்துத் தரநூல்களில் கருவியின் ரெசல்யூஷனைச் சோதிக்க இந்த இடங்களைத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஜப்பான் நூலில் 2870-க்கும் 2850-க்கும் குறைந்தது 18 சதவீத ஒளி ஊடுருவல் வித்தியாசம் வேண்டும் என்று இருக்கிறது. ஒரு மணி நேர வேலை. ஒருமுறை கையால் மாற்றிப் பார்த்த பிள்ளை, ரெசல்யூஷன் போடாத சார்ட்டைப் பிறகு எங்கே பார்த்தாலும் கேள்வி கேட்கும்.

என்னிடம் பழைய பாலிஸ்டைரீன் ஃபிலிம் ஒன்று கீறல் விழாமல் இருக்கிறது, அந்த வெள்ளைக்கல்லில் மிச்சப் பொடியும் ஒரு சின்னப் புட்டியில் வைத்திருக்கிறேன். எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் சனிக்கிழமைகளில் வந்து பிள்ளைகளோடு உட்காரத் தயார். பணம் எதுவும் வேண்டாம். விருப்பமுள்ள கல்லூரிகள் உங்கள் அலுவலகத்துக்கு எழுதினால் எனக்குத் தகவல் தந்து உதவுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
அஸ்தம்பட்டி, சேலம்.